டெலோமியர்: குட்டையானாலும் சிக்கல், நீண்டாலும் சிக்கல்

வயதாவதைப் பற்றிய பேச்சு வந்தாலே டெலோமியர் என்ற பெயரும் கூடவே வந்துவிடுகிறது. அது குட்டையாகிக்கொண்டே போவதால்தான் நமக்கு வயதாகிறது, அதை நீட்டிவிட்டால் இளமை திரும்பிவிடும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதை நம்பி மாத்திரையும் பரிசோதனையும் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். டெலோமியர் குட்டையாவது உண்மைதான், அதனால் வரும் நோய்களும் உண்மைதான். ஆனால் டெலோமியர் அளவுக்கு மீறி நீளமாக இருந்தாலும் ஆபத்து உண்டு. இந்தப் பக்கத்தைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். நம் உடலின் பெரும்பாலான செல்களுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குரோமோசோமும் நீளமான ஒரு டிஎன்ஏ இழை. இழைக்கு இரண்டு முனை, ஆக மொத்தம் 92 முனைகள். இந்த முனைப் பகுதிகளுக்குத்தான் டெலோமியர் என்று பெயர். டிஎன்ஏவின் நடுப்பகுதியில் மரபணுக்கள் இருக்கின்றன. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்புகள் அங்கேதான் உள்ளன. டெலோமியரில் அப்படிப்பட்ட குறிப்பு எதுவும் கிடையாது. டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்ற ஆறு எழுத்துகள் (டிஎன்ஏ இழையை ஆக்கும் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்) திரும்பத் திரும்ப, ஆயிரம் முறைக்கும் மேல் வரிசையாக வருகின்றன. பிறக்கும்போது ஒரு டெலோமியரின் நீளம் ஏறத்தாழ 10,000 எழுத்து. புத்தகப் பக்கத்தில் நான்கு புறமும் வெற்று ஓரம் விட்டு அச்சடிப்பார்கள் அல்லவா? புரட்டிப் புரட்டி ஓரம் நைந்துபோனாலும் எழுத்து தப்பிவிடும். டெலோமியரும் அப்படி ஒரு ஓரம்தான்.

முனைக்கு எதற்குத் தனிப் பாதுகாப்பு? இந்தக் கேள்வி 1930-களிலேயே எழுந்துவிட்டது. மக்காச்சோளச் செடியின் குரோமோசோம்களை ஆராய்ந்த பார்பரா மெக்ளின்டாக், உடைந்துபோன குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். இயற்கையான முனைகளோ ஒட்டுவதில்லை. பழ ஈக்கள்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி ஆராய்ந்த ஹெர்மன் முல்லரும் முனைகளுக்கு ஏதோ தனித்தன்மை இருப்பதைக் கண்டார். 1938-இல் டெலோமியர் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

செல்லின் பக்கமிருந்து பார்த்தால் இந்தத் தனித்தன்மை ஏன் தேவை என்பது விளங்கும். டிஎன்ஏ எங்காவது அறுந்தால் அது உயிருக்கே ஆபத்து. அதனால் அறுந்த முனைகளைத் தேடிப்பிடித்து ஒட்டுவதற்கென்றே செல்லுக்குள் ஒரு பழுதுபார்க்கும் படை சுற்றிக்கொண்டிருக்கிறது. குரோமோசோமின் இயல்பான முனையும் பார்வைக்கு அறுந்த முனை மாதிரியேதான் இருக்கும். அந்தப் படை ஏமாந்து இரண்டு குரோமோசோம்களை ஒட்டிவைத்தால் அடுத்த முறை செல் பிரியும்போது எல்லாம் கிழிந்து குழம்பிவிடும். இதைத் தடுக்க டெலோமியர் தன் நுனியை உள்ளே மடித்து ஒரு வளையமாகச் சுருட்டிக்கொள்கிறது. அதன்மேல் ஆறு வகைப் புரதங்கள் சேர்ந்து போர்வையாக உட்காருகின்றன. இவற்றை மொத்தமாக ஷெல்டரின் என்பார்கள். நுனி வெளியே தெரியாதவரை பழுதுபார்ப்போர் அந்தப் பக்கம் வருவதில்லை.

சரி, டெலோமியர் ஏன் குட்டையாகிறது?

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு இரண்டு வரம்புகள் உண்டு. அது ஒரே திசையில்தான் நகலெடுக்கும். அதோடு, வெறும் இழையில் தானாகத் தொடங்கவும் அதனால் முடியாது. முதலில் யாராவது ஒரு சிறு ஆர்என்ஏ துண்டை வைத்துத் தர வேண்டும், அதிலிருந்துதான் அது தொடரும். நகலெடுத்து முடிந்ததும் இந்தத் துண்டுகள் நீக்கப்பட்டு அந்த இடைவெளிகளில் டிஎன்ஏ நிரப்பப்படும். நடுவில் இருக்கும் இடைவெளிகளில் பிரச்சினை இல்லை. ஆனால் நுனியில் இருந்த கடைசித் துண்டை எடுத்தபின் அந்த இடத்தை நிரப்ப வழியில்லை, ஏனென்றால் அதற்கும் அப்பால் எதுவும் கிடையாது. இப்படி ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் நுனி போய்விடுகிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்களில் ஒரு பிரிவுக்கு 50 முதல் 200 எழுத்துகள் வரை குறைகின்றன. நம் உடலில் ஓடும் வெள்ளை அணுக்களில் இதன் விளைவை அளந்தால், குழந்தைப் பருவத்தில் வேகமாகக் குறைந்து, பெரியவர்களான பின் ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 40 எழுத்து என்ற அளவில் மெதுவாகிறது.

இப்படி ஓர் இழப்பு இருந்தே தீர வேண்டும் என்று 1971-இல் முதலில் எழுதியவர் ரஷ்யாவின் அலெக்சி ஒலோவ்னிகோவ். மாஸ்கோ மெட்ரோ நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அவருக்கு இந்த யோசனை தோன்றியது. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனும் 1972-இல் தனியாக இதே சிக்கலைச் சுட்டிக்காட்டினார். ஒலோவ்னிகோவ் ஒரு படி மேலே போனார்: செல்களுக்கு வயதாவதற்குக் காரணமே இதுவாக இருக்கலாம் என்றார்.

அவரை அப்படி யோசிக்க வைத்தது லியோனார்டு ஹேஃப்ளிக்கின் கண்டுபிடிப்பு. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக, உடலுக்கு வெளியே வளர்க்கும் செல்கள் சாகாமல் பிரிந்துகொண்டே இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கேரல் கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த செல்களை 1912 முதல் வளர்த்து வந்ததே அதற்கு ஆதாரம். 34 ஆண்டுகள் அந்த வளர்ப்பு தொடர்ந்தது. ஆனால் அதை வேறு யாராலும் மறுபடி செய்துகாட்ட முடியவில்லை. 1961-இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் இந்த நம்பிக்கையை உடைத்தார்கள். மனித செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் நின்றுவிட்டன. வளர்ப்பில் ஏதோ கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நிறைய முறை பிரிந்திருந்த ஆண் செல்களையும் கொஞ்சமே பிரிந்திருந்த பெண் செல்களையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வளர்த்தார்கள். குரோமோசோமைப் பார்த்தே எது ஆண், எது பெண் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆண் செல்கள் நின்றுபோயின, பெண் செல்கள் அதே பாத்திரத்தில் தொடர்ந்தன. இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. உறைய வைத்த செல்களை வெளியே எடுத்தால், விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தன. செல்லுக்குள் ஏதோ ஒன்று கணக்கு வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று வேண்டுமா?

கணக்கு வைப்பது டெலோமியர்தான் என்று உறுதியாக இன்னும் பல ஆண்டுகள் ஆயின. மனித செல்கள் வயதாக ஆக டெலோமியர் குட்டையாகிறது என்பது 1990-இல் தெரியவந்தது. குட்டையாவதைத் தடுத்தால் செல்கள் அந்த எல்லையைத் தாண்டிப் பிரிகின்றன என்பது 1998-இல் நிரூபணமானது.

தடுத்தது எது? டெலோமரேஸ் என்ற நொதி. எலிசபெத் பிளாக்பர்ன் இதற்கான பாதையைத் திறந்தது டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியை வைத்து. குளத்து நீரில் வாழும் இந்த உயிரிக்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் குரோமோசோம்கள் உண்டு. முனைகளை ஆராய நினைப்பவருக்கு முனைகள் நிறைந்த உயிரியைவிட வேறென்ன வேண்டும்? அவரும் ஜோசஃப் காலும் 1978-இல் அதன் டெலோமியரின் எழுத்து வரிசையை வெளியிட்டார்கள். அது மனிதருடையதோடு ஓர் எழுத்தில் மட்டுமே வேறுபடுகிறது. பிறகு பிளாக்பர்னின் மாணவி கேரல் கிரைடர், முனைகளை நீட்டும் நொதிக்கான முதல் தடயத்தை 1984 டிசம்பர் 25 அன்று ஆய்வகத்தில் கண்டார். இந்த நொதி தனக்குள்ளேயே ஒரு சிறு ஆர்என்ஏ அச்சை வைத்திருக்கிறது. அதைப் பார்த்து, தேய்ந்த நுனியில் ஆறெழுத்து வரிசையைத் திரும்பத் திரும்பச் சேர்க்கிறது. பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நீட்டும் நொதியே இருக்கிறது என்றால் உடல் அதை எல்லா செல்களிலும் பயன்படுத்த வேண்டியதுதானே? உடல் அப்படிச் செய்வதில்லை. விந்தணுவையும் கருமுட்டையையும் உண்டாக்கும் செல்களிலும் கருவிலும் டெலோமரேஸ் நன்றாக வேலை செய்கிறது. இல்லையென்றால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடக் குட்டையான டெலோமியரோடுதான் பிறக்கும். எலும்பு மஜ்ஜை, குடல், தோல் போன்ற இடங்களின் ஸ்டெம் செல்களில் அரைகுறையாக வேலை செய்கிறது. மற்ற பெரும்பாலான செல்களில் அதை அணைத்தே வைத்திருக்கிறது. அப்படி அணைத்து வைப்பதற்குக் காரணம் புற்றுநோய். அதற்குப் போவதற்கு முன், டெலோமியர் தீர்ந்துபோனால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மிகக் குட்டையான டெலோமியரால் வளையமாகச் சுருண்டுகொள்ள முடியாது, போர்வைப் புரதங்களும் போதுமான அளவு உட்கார முடியாது. நுனி வெளியே தெரிந்ததும் "டிஎன்ஏ அறுந்துவிட்டது" என்ற அபாயச் செய்தி கிளம்புகிறது. பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு செல் பிரிவதை நிரந்தரமாக நிறுத்துகிறது. சில செல்கள் இறக்கின்றன. பல செல்கள் இறக்காமல், பிரியவும் முடியாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. இவைதான் முதிர்ந்த செல்கள். இவை சும்மா இருப்பதில்லை என்பதுதான் தொல்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களையும், சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் நொதிகளையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. புண் ஆறும் நேரத்தில் இதே பொருள்கள் உதவியும் செய்கின்றன, பிறகு நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து இந்தச் செல்களை அகற்றிவிடும். வயது ஏற ஏற அகற்றும் வேலை தளர்கிறது, முதிர்ந்த செல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. முதுமையோடு வரும் நீடித்த அழற்சிக்கு இது ஒரு காரணம். இன்னொரு பக்கம், ஸ்டெம் செல்கள் பிரிய முடியாமல் போனால் தேய்ந்த திசுவைப் புதுப்பிக்க ஆள் இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். செல்லை நிறுத்துவது 92 டெலோமியர்களின் சராசரி நீளம் அல்ல. அவற்றில் மிகக் குட்டையான ஒரு சிலதான் அபாயச் செய்தியை எழுப்புகின்றன.

குட்டையான டெலோமியர் தரும் நோய்கள்

டெலோமியர்தான் நேரடிக் காரணம் என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய நோய்கள் இருக்கின்றன. டெலோமரேஸையோ ஷெல்டரினையோ உருவாக்கும் மரபணுவில் பிழையோடு பிறப்பவர்களுக்கு அவை வருகின்றன. டிஸ்கெரடோசிஸ் கன்ஜெனிட்டா என்ற நோயில் நகங்கள் சிதைந்துபோகும், கழுத்திலும் மார்பிலும் தோல் வலைபோல் நிறம் மாறும், வாய்க்குள் வெள்ளைத் திட்டுகள் வரும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையின் தளர்ச்சிதான். ரத்த அணுக்களை உற்பத்தி செய்ய மஜ்ஜை இடைவிடாமல் பிரிய வேண்டும், டெலோமியர் தீரும்போது முதலில் அடி வாங்குவது அதுதான்.

பெரியவர்களில் இதே பிழை வேறு முகத்தோடு வருகிறது. நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறி இறுகிப்போகும் நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடும்பத்தில் பலருக்கு அது வரும்போது, சில குடும்பங்களில் டெலோமரேஸ் மரபணுப் பிழைதான் காரணம் என்று 2007-இல் கண்டறிந்தார்கள். கல்லீரல் இறுக்கமும் வரலாம். முப்பது வயதுக்கு முன்பே தலைமுடி நரைப்பது இந்தக் குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் அடையாளம். (இளநரை உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. இளநரை மிகச் சாதாரணமானது, இந்த நோய் அரிது.)

இந்தக் குடும்பங்களின் கதையில் மனதைக் கனக்கச் செய்வது தலைமுறைக்குத் தலைமுறை நோய் முன்கூட்டியே வருவது. தாத்தாவுக்கு வயதான பின் நுரையீரல் கோளாறு வந்திருக்கும், அப்பாவுக்கு நடுவயதில் வரும், பிள்ளைக்கு இளம் வயதிலேயே மஜ்ஜை தளரும். காரணம், பிள்ளைக்கு மரபணுப் பிழை மட்டும் போய்ச் சேர்வதில்லை, ஏற்கெனவே குட்டையாகிவிட்ட டெலோமியரும் சேர்ந்தே போகிறது. அது தொடங்கும் இடமே தாழ்வாக இருக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்கு ரத்தம், ஒருவருக்குக் கல்லீரல் என்று வெவ்வேறு மருத்துவர்களிடம் போவதால் இவை ஒரே நோய் என்பது நெடுநாள் தெரியாமலே போய்விடுகிறது.

இதய நோய், நீரிழிவு போன்ற எல்லோருக்கும் தெரிந்த நாட்பட்ட நோய்களுக்கு வந்தால் விஷயம் இவ்வளவு தெளிவாக இல்லை. 2003-இல் ரிச்சர்டு காதன் குழுவினர், 60 வயதைத் தாண்டிய 143 பேரின் ரத்தத்தை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குட்டையான டெலோமியர் கொண்டவர்கள் இதய நோயால் இறப்பது மற்றவர்களைவிட 3 மடங்குக்கு மேலும், தொற்றுநோயால் இறப்பது 8 மடங்குக்கு மேலும் இருந்தது. எண்கள் மலைக்க வைப்பவைதான். ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. புகைபிடித்தல், உடல் பருமன், நீண்ட நாள் அழற்சி இவையெல்லாம் வெள்ளை அணுக்களை அடிக்கடி பிரிய வைக்கும். ஜி எழுத்து நிறைந்த டெலோமியரை ஆக்சிஜன் சார்ந்த வேதிச் சிதைவும் எளிதில் தாக்கும். ஆக, நோயே டெலோமியரைக் குட்டையாக்கியிருக்கலாம், அல்லது இரண்டுக்கும் பின்னால் ஒரே காரணம் இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய ஒரு நல்ல உத்தி உண்டு. சிலர் பிறக்கும்போதே டெலோமியரைச் சற்று நீளமாகவோ குட்டையாகவோ ஆக்கும் மரபணு வேறுபாடுகளோடு பிறக்கிறார்கள். அந்த வேறுபாட்டை நோயோ பழக்கவழக்கமோ பிறகு மாற்ற முடியாது. எனவே அந்த மரபணுக்கள் உள்ளவர்களுக்கு எந்த நோய் கூடுதலாக வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 2017-இல் இப்படிச் செய்த பெரிய ஆய்வில், மரபிலேயே நீளமான டெலோமியர் உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது. ஆகவே இதய நோயில் டெலோமியருக்கு ஓரளவு நேரடிப் பங்கு இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அவர்களுக்குப் பல வகைப் புற்றுநோய்கள் அதிகமாக வந்தன.

நீளத்தின் ஆபத்து

உடல் டெலோமரேஸை ஏன் அணைத்து வைக்கிறது என்ற கேள்விக்கு விடை இதுதான். கட்டுப்பாட்டை மீறிப் பிரியத் தொடங்கும் ஒரு செல் வேகமாகத் தன் டெலோமியரைச் செலவழிக்கிறது. தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. நம்மில் ஒவ்வொருவருடைய உடலிலும் மச்சங்களாகவும் சிறு கட்டிகளாகவும் தொடங்கி அப்படியே நின்றுபோன வளர்ச்சிகள் இருக்கலாம், நாம் அறியாமலே டெலோமியர் நம்மைக் காப்பாற்றுகிறது. புற்றுநோயாக முழுமையடைய வேண்டுமென்றால் செல் இந்தத் தடையைத் தாண்டியாக வேண்டும். 85 முதல் 90 விழுக்காடு புற்றுநோய்கள் அணைந்திருந்த டெலோமரேஸை மறுபடி இயக்கித்தான் தாண்டுகின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இந்த நொதியின் மரபணுவை இயக்கும் பகுதியிலேயே மாற்றம் நடந்திருப்பது 2013-இல் தெரிந்தது.

பிறவியிலேயே மிக நீளமான டெலோமியர் கொண்ட மனிதர்களும் இருக்கிறார்கள். ஷெல்டரினின் ஆறு புரதங்களில் ஒன்றான பாட்1-இல் பிழை உள்ள குடும்பங்களைப் பற்றி 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. நீளமான டெலோமியர் இளமையைத் தரும் என்றால் இவர்கள் நோய் நொடியின்றி இருந்திருக்க வேண்டும். இவர்களுக்கோ தைராய்டு வீக்கம் முதல் ரத்தப் புற்றுநோய் வரை பல கட்டிகள் வந்தன. நீண்ட நாள் பிரியும் வல்லமை நல்ல செல்லுக்கு மட்டும் கிடைப்பதில்லை, பிழை சேர்ந்த செல்லுக்கும் கிடைக்கிறது.

நீளத்தையும் ஆயுளையும் நேராக இணைக்க முடியாது என்பதற்கு எலியே போதும். ஆய்வக எலியின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். அது வாழ்வதோ இரண்டு மூன்று ஆண்டுகள்.

இப்போது ரத்தத் துளியை அனுப்பினால் உங்கள் "உண்மையான வயதை"ச் சொல்கிறோம் என்ற விளம்பரங்களுக்கு வருகிறேன். அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஒரே வயதுடைய ஆரோக்கியமான இருவருக்கிடையே ஆயிரக்கணக்கான எழுத்து வேறுபாடு இருப்பது இயல்பு. ஆண்டு இழப்பு 20, 40 என்று இருக்கும்போது, ஒருவரின் நீளத்தை வைத்து வயதைக் கணிப்பது எப்படிச் சரியாகும்? அளக்கும் எளிய முறைகளில் பிழையும் அதிகம். அவை தருவதும் சராசரி நீளத்தை, அதுவும் ரத்த அணுக்களின் சராசரியை மட்டுமே. முக்கியமான அந்தச் சில குட்டை டெலோமியர்கள் சராசரியில் தெரிவதில்லை. விண்வெளியில் 340 நாள் இருந்த ஸ்காட் கெல்லியின் ரத்தத்தில் டெலோமியர் நீண்டிருந்தது, பூமிக்குத் திரும்பியதும் விரைவாகக் குறைந்தது. அவர் அங்கே இளமையாகிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை.

பழக்கவழக்கத்தைப் பொறுத்தவரை, நீடித்த மன அழுத்தத்துக்கும் குட்டையான டெலோமியருக்கும் தொடர்பு காட்டிய ஆய்வு 2004-இல் வந்தது. நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளைப் பல ஆண்டுகளாகப் பராமரிக்கும் தாய்மார்களிடம் எலிசா எப்பலும் பிளாக்பர்னும் செய்தது அது. ஆனால் ஒருவரின் டெலோமியர் நீளத்தில் பெரும்பகுதி பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. புகையை விடுவதும் உடற்பயிற்சி செய்வதும் நன்றாகத் தூங்குவதும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லவை என்பது டெலோமியரை அளக்காமலே தெரிந்த உண்மை. அந்தக் காரணமே போதும்.

டெலோமியர் பரிசோதனை உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் வேறு. குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரல் இறுக்கம், காரணம் தெரியாத ரத்த அணுக் குறைபாடு, மது அருந்தாமலே வந்த கல்லீரல் இறுக்கம், மிக இளம் வயது நரை ஆகியவற்றில் சில சேர்ந்து இருந்தால் அதை மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். ஃப்ளோ ஃபிஷ் என்ற துல்லியமான முறையில் அளந்து, மரபணுவையும் பார்ப்பார்கள். முடிவு சிகிச்சையையே மாற்றும். நுரையீரல் இறுக்கம் உள்ளவர்களில் டெலோமியர் குட்டையானவர்களுக்கு, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு உடன்பிறந்தவரைக் கொடையாளராக எடுக்கும் முன் அவருக்கும் அதே பிழை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சிகிச்சைக்கான மருந்துத் தேடலும் நடக்கிறது. ஆண் ஹார்மோனைப் போன்ற டானசால் என்ற பழைய மருந்தை, டெலோமியர் நோயுள்ள 27 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் அளக்க முடிந்த 12 பேரில் 11 பேருக்கு டெலோமியர் நீண்டிருந்தது, பலருக்கு ரத்த அணுக்களும் கூடின. கல்லீரல் பாதிப்பும் தசைப்பிடிப்பும் பக்கவிளைவுகள். எதிர்த்திசையில், டெலோமரேஸை முடக்கும் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்துக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மஜ்ஜையில் கோளாறான செல்கள் பெருகி, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ள நோயாளிகள் சிலருக்கு அது தரப்படுகிறது.